இழுத்த கை

ஜூன் 12, வியாழன். சனிக்கிழமை எழுதியதில் ஒரு சிறு தவறு. முயலின் தோல் உரியும் இடத்துக்குச் சாக்கைக் கிழித்த சத்தம் போட்டதாக எழுதியிருக்கிறேன். சாக்கு இல்லை, ஈரத் துணி. சாக்கு கரகரவென்று கேட்டதால் பாதியில் மாற்றினேன். எழுதும்போது மறந்துவிட்டது.

இதை எழுதி முடித்துச் சின்னவள் பேனாவை மூடினாள். மாலை வகுப்பில் படத்தொகுப்பு கற்றுத்தரும் வாத்தியார், அன்றாடம் செய்த வேலையைத் தேதி போட்டு எழுதி வரச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிடுவார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எழுதியதைத் திரும்பப் படிப்பாள். பிழை கண்டால் அடிக்க மாட்டாள், அடுத்த குறிப்பில் திருத்தம் எழுதுவாள். அப்படியும் சரியாகத்தான் எழுதியிருக்கிறோமா என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும்.

வாசலில் யாரோ தும்மினார்கள். கதவைத் திறந்தால் நனைந்த மழைக்கோட்டில் ஒருவர், மூக்கில் கைக்குட்டை.

"விலங்குநலத் துறையிலேர்ந்து வர்றேன்மா. வீட்டுல பூனை இருக்கா?"

"இல்லை சார்."

"நாய்?"

"அதுவும் இல்லை."

"அப்போ முயலாத்தான் இருக்கும்." மறுபடி தும்மினார். "எனக்கு ரோமம் ஆகாது. வேற துறை கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

ஆய்வாளர் கோட்டைக் கழற்றி எங்கே மாட்டுவது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொல்லையிலிருந்து அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். மழைக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்தவன், அதனால் தலையெல்லாம் ஈரம். ஆய்வாளர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார்.

சனிக்கிழமை ஏற்றிய காணொளி. மரப்பலகைமேல் காட்டு முயல். அண்ணனின் கத்தி கணுக்காலைச் சுற்றி வருகிறது. தோலைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்கிறான். பாதி உரிந்த பின்னங்கால் இரண்டு முறை சடசடவென்று உதைக்கிறது, நிற்கிறது, மறுபடி ஒரு தடவை நீளமாக உதைக்கிறது.

"உயிரோட உரிச்சிருக்கீங்கன்னு புகார். ஒண்ணு ரெண்டு இல்ல, குவிஞ்சு கிடக்கு."

அண்ணன் சிரித்தான். நேயர்களுக்குப் பிடித்த அதே சிரிப்பு. "சார், அது செத்த முயல். பின்னங்கால் விரல்ல தூண்டில் நரம்பு கட்டியிருக்கு. பலகைக்கு அடியில போகுது. அந்தப் பக்கம் உக்காந்து இழுக்கிறது என் சம்சாரம்."

தேநீர்த் தட்டோடு வந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்களாம்மா இழுக்கிறது?"

"எப்பவும் நான்தான் சார் இழுப்பேன்," என்றாள் அண்ணி, கூச்சத்தோடு. அவள் கண் கைப்பேசியிலேயே இருந்தது.

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்தது. தும்மலும் சேர்ந்து வந்தது. "எதுக்கும்மா இந்தப் பாடு?"

எதுக்கு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. போன மாதம் புதுச் சட்டம் வந்தது. தின்பதற்காகப் பிடிக்கலாம், கொல்லலாம். ஆனால் உயிர் போவதை இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தடிப்பதைப் படம் பிடித்துக் காட்டினால் அது தனிக் குற்றம். அன்றிலிருந்து வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் பேய் அறைந்தாற்போல் ஆனார்கள். ஒருவர் மீன் மாட்டியதும் கேமராவை ஆகாயத்துக்குத் திருப்பி, மேகத்தைக் காட்டிக்கொண்டே மூச்சிரைத்தார். இன்னொருவர் செத்த மீன்களை வரிசையாகப் படுக்கவைத்து ஒவ்வொன்றையும் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதுபோல் காட்டினார். துப்பாக்கிக்காரர் ஒருவர் காட்டையே விட்டுவிட்டுக் கத்தி தீட்டுவது எப்படி என்று பாடம் நடத்த ஆரம்பித்தார். 'இது சமையல் சேனலா, பஜனை மடமா?' என்று கேட்டுவிட்டு நேயர்கள் நடையைக் கட்டினார்கள்.

அண்ணனின் நேயர்களும் போனார்கள். வலைத் தொழிற்சாலை மூடியதிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த நேயர்களால்தான். பிறகு ஒரு நாள் அண்ணன் செத்த கெளுத்தி மீனின் செவுளுக்குள் குச்சியை விட்டு, வாயைத் திறந்து மூடிக் காட்டினான். அண்ணி அலறியடித்து எழுந்தாள். "பாத்தியா!" என்று தொடையில் தட்டிக்கொண்டான். "செத்ததை என்ன செஞ்சாலும் சட்டம் கேக்காது. அது உசுரோட இருக்கிற மாதிரி தெரிஞ்சா நம்ம கெட்டிக்காரத்தனம்."

குச்சி நரம்பானது. நரம்பின் நுனியில் அண்ணி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். நேயர்கள் திரும்பி வந்தார்கள். திட்டத்தான் வந்தார்கள், ஆனால் கடைசிவரை பார்த்துவிட்டுத் திட்டினார்கள்.

ஆய்வாளர் தேநீரைக் குடித்து முடித்தார். "நீங்க சொல்றது நிஜம்னா எனக்கும் நிம்மதி. செத்ததுக்கு எங்க துறையில இடம் கிடையாது. ஆனா எழுதுறப்போ நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். நாளைக்கு வர்றேன். ஒரு முயலை வச்சு, அதே பலகை, அதே நரம்பு, செஞ்சு காட்டுங்க. கால் இதே மாதிரி உதைக்கணும்."

"பெட்டியில ஐஸ் போட்ட முயல் இருக்கு சார்."

"அது விறைச்சுப் போயிருக்கும். அப்பத்தான் கொன்னதா இருக்கணும்." கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "கொல்றப்போ என்னைக் கூப்பிடாதீங்க. அதைப் பார்த்தா அதுக்கும் தனியா ஒண்ணு எழுதணும்."

வாசல்வரை போனவர் திரும்பினார். "காட்ட முடியலேன்னா, உரிச்சவருக்கு என்னவோ அதேதான் தொகுத்து ஏத்தினவங்களுக்கும். ரெண்டு வருஷம் உள்ளே. யாரும்மா தொகுக்கிறது?"

"நான்தான் சார்," என்றாள் சின்னவள்.

"வெட்டாத படம் இருந்தா எடுத்து வைங்க. சத்தத்தோட."

"தேடிப் பார்க்கணும் சார்."

அவர் போனதும் அண்ணன் விசிலடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான், கண்ணிக் கம்பிகளைச் சரிபார்க்க. மழை தகரத்தில் சடசடத்தது. சமையலறையில் அண்ணி உருளைக்கிழங்கைத் தோல் சீவாமலே நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, தோலு."

"ம்? ஆமால்ல." கத்தியை வைத்தாள். "சின்னு, அந்த வீடியோ போன வெள்ளிக்கிழமை எடுத்ததுதானே?"

"ஆமா. ஏன்?"

"அன்னைக்கு நான் இழுக்கலையே."

சின்னவள் சிரித்தாள். "நீங்க இழுக்காம வேற யாரு இழுத்தா?"

"அதான் எனக்கும் புரியல. நரம்பைக் கட்டிவிட்டேன். அதுக்குள்ள கேஸ் தீர்ந்துபோச்சு. சிலிண்டர் மாத்த உள்ளே வந்தேன், ரெகுலேட்டர் கழுத்துல சிக்கிக்கிட்டு பாடாப் படுத்திருச்சு. திரும்பிப் போறேன், உங்கண்ணன் உரிச்சு முடிச்சு உப்பு கேக்கிறாரு. சரி, இன்னைக்கு இழுக்கிற வேலை இல்ல போலன்னு நெனச்சேன்."

"வீடியோவுல பார்க்கலையா நீங்க?"

"நான் எங்கடி பார்க்கிறேன்? பார்த்தா கறி தொண்டையில இறங்காது. இன்னைக்குத்தான் அந்த ஆளு போனுல பார்த்தேன்." கிழங்கை எடுத்து மறுபடி வைத்தாள். "கால் உதைக்குதே சின்னு."

சின்னவள் முன்னறைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை படம் பிடித்தபோது அவள் வகுப்பில் இருந்தாள். கேமரா முக்காலியில் தானாக ஓடியது. மறுநாள் தொகுக்கும்போது, இன்றைக்கு அண்ணி பிரமாதமாக இழுத்திருக்கிறாள் என்று அவளே நினைத்தாள். அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு இரண்டாம் முறையும் காட்டியது அவள்தான்.

சத்தத்தை மட்டும் அவள் கேட்கவே இல்லை. எந்தப் படத்துக்கும் கேட்டதில்லை. கேமரா அட்டையிலிருந்து இறக்கியதும் முதல் வேலையாகச் சத்தத்தைக் கழற்றி எறிந்துவிடுவாள். காற்று இரைச்சல், பக்கத்து வீட்டு மோட்டார், அண்ணன் மூக்கை உறிஞ்சுவது, இதெல்லாம் யாருக்கு வேண்டும்? கத்திக்குக் கரண்டி, எலும்புக்குக் கேரட், தோலுக்கு ஈரத் துணி என்று சமையலறையிலேயே பதிவு செய்து ஒட்டிவிடுவாள். வாத்தியார்கூட ஒரு முறை வகுப்பில் போட்டுக் காட்டிப் பாராட்டியிருக்கிறார்.

அட்டை மேசை இழுப்பறையில் இருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

காற்று. மோட்டார். கத்தி பலகையில் உரசியது. தோல் உரிகிற சத்தம் அவள் போட்டதைவிட மெல்லியதாக, கிட்டத்தட்டச் சத்தமே இல்லாததுபோல் இருந்தது. அதற்கு மேலே ஒரு சன்னமான ஒலி. முதலில் மோட்டாரின் கீச்சு என்று நினைத்தாள். மோட்டார் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. கைக்குழந்தை தூக்கத்தில் முனகுவதுபோல் இருந்தது.

அண்ணனின் குரல்: "சூப்பரா இழுக்கிறடி இன்னைக்கு."

கால் உதைத்தது.

"போதும், நிறுத்து."

நிற்கவில்லை.

"ஏய், நிறுத்துன்னு சொல்றேன்ல."

தூரத்தில், வீட்டுக்குள், சிலிண்டரைத் தரையில் உருட்டும் சத்தம் கேட்டது. கத்தியின் சத்தம் நின்றது. அண்ணனின் கை படத்தில் அசையாமல் இருந்தது. "ச்சே" என்று மூச்சோடு ஒரு சொல். பிறகு கை மறுபடி தோலைப் பற்றியது. இம்முறை வேகமாக இழுத்தது. அந்தச் சன்னமான ஒலி கொஞ்ச நேரம் கூடவே வந்து, எங்கோ ஓரிடத்தில் விட்டுப்போனது.

தப்பாகக் கேட்டிருக்கலாம் என்று மறுபடி ஓடவிட்டாள். சரியாகத்தான் கேட்டிருந்தாள்.

கொட்டகையில் அண்ணன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். மழை அவன் முதுகுப் பக்கம் சாரலடித்தது. அவள் வாசலிலேயே நின்றாள்.

"நிறுத்துன்னு சொல்லியிருக்க."

"யாரை?"

"அண்ணியை. அண்ணி அங்க இல்ல. சிலிண்டர் உருட்டுறது கேக்குது."

கம்பி முறுக்கும் கை நிற்கவில்லை. "நீதான் சத்தத்தைத் தூக்கிப் போட்டுடுவியே. என்ன புதுசா கேக்க ஆரம்பிச்சிருக்க?"

"உனக்குத் தெரியும்ல அண்ணா?"

"மொதல்ல தெரியாது. மண்டையில நல்லாத்தான் போட்டேன். பையில வரும்போதும் அசையல." கம்பியின் முனையைப் பல்லால் கடித்து வளைத்தான். "நரம்பு தொங்கிட்டு கிடந்ததைப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது."

"கழுத்தை ஒரு திருகு திருகியிருக்கலாமே."

"கேமரா ஓடுதுல்ல."

"ஓடினா?"

"என்னடி படிச்சவ மாதிரி கேக்கிற? திருகினா அது உசுரோட இருந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சட்டம் வந்தாச்சு. செத்ததா நெனச்சுக்கிட்டு வேலையை முடிச்சேன்."

"நான் அந்த இடத்தை வெட்டி எறிஞ்சிருப்பேன்."

"எறிஞ்சா மிச்சம் என்ன இருக்கும்? வெங்காயம் நறுக்கிறதா? அன்னைக்குக் கெடச்சது அது ஒண்ணுதான். தோலும் பாதி வந்துருச்சு." அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை, தட்டில் உப்புக் குறைகிறது என்று சொல்கிற முகம். "நல்லா ஓடுதுன்னு நீதானே துள்ளிக் குதிச்ச?"

அவள் துள்ளிக் குதித்தது உண்மை.

"இங்க பாரு. அந்தாளு நல்லவன். பார்த்துட்டுப் போறதுக்கு ரெடியா இருக்கான். நாளைக்குக் கால் உதைச்சா எல்லாரும் வீட்டுல இருப்போம். இல்லேன்னா நான் மட்டும் போகமாட்டேன். சேனல் கணக்கு உன் பேருல இருக்கு. மெதுவா ஓடவிட்டு ரெண்டாவது தடவை காட்டினவ நீ."

"அண்ணி சொல்லிடுவாங்க. நான் இழுக்கலைன்னு என்கிட்டயே சொன்னாங்க."

அண்ணன் கம்பியை ஆணியில் மாட்டினான்.

"உங்கண்ணிக்கு என்னைக்கு என்ன ஞாபகம் இருந்திருக்கு?" என்றான்.

அவள் முன்னறைக்குத் திரும்பி வந்து அட்டையை மறுபடி கணினியில் சொருகி, அழி என்று கொடுத்தாள். அழிக்கட்டுமா என்று கேட்டது. உறுதியா என்று இன்னொரு முறை கேட்டது. அவள் எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவள். இரண்டு தடவையும் ஆம் என்றாள்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, உருளைக்கிழங்கு, ஆளுக்கொரு முட்டை. மழை விட்டிருந்தது. அண்ணன் கிழங்கை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"உப்பு ரெண்டு தடவை போட்டாச்சு."

"ஒரு தடவைதாங்க போட்டேன்."

"சின்னு, நீ சொல்லு."

சின்னவளின் கிழங்கில் உப்பு சரியாகத்தான் இருந்தது. "கொஞ்சம் தூக்கலா இருக்கு அண்ணி," என்றாள்.

"ஐயோ!" அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சாவியை அரிசி டப்பாக்குள்ள போட்டுட்டு ஊரெல்லாம் தேடினவதானே," என்றான் அண்ணன். "குழாயைத் திறந்துவிட்டுட்டுத் தூங்கி, கொல்லையெல்லாம் படகு விடற அளவுக்குத் தண்ணி. உன்னைக் கட்டிக்கிட்டேன்னு ஞாபகம் இருக்கா, அதுவும் போச்சா?"

அண்ணியும் சிரித்தாள். இந்த வீட்டில் அவளைப் பற்றிய வேடிக்கைகள் அவளுக்கே மனப்பாடம்.

"வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்," என்றான் அவன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "அவ்வளவு அழகா இழுத்துட்டு, இழுக்கலைன்னு இவகிட்ட சொன்னியாமே."

அண்ணியின் சிரிப்பு பாதியில் நின்றது. "அன்னைக்கு சிலிண்டர்..."

"சிலிண்டர் மாத்தினது அதுக்கு முந்தின நாள், போன வியாழக்கிழமை."

"வெள்ளிக்கிழமைங்க. நீங்க உப்பு கேட்டீங்க."

"என்னைக்குத்தான் நான் உப்பு கேக்கல? சின்னு, சிலிண்டர் என்னைக்குடி மாத்தினது?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். தேதி விஷயத்தில் இந்த வீட்டில் சின்னவள் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. பால்காரர்கூட அவளிடம்தான் கேட்பார்.

"வியாழன்," என்றாள். "எழுதி வச்சிருக்கேன்."

அண்ணி முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். நெற்றியில் கோடு விழுந்தது. எதையோ கைநழுவவிட்டுத் துழாவுகிறவள்போல் இருந்தாள். "அப்போ வெள்ளிக்கிழமை நான் வாளியில உக்காந்திருந்தேனா?"

"அப்புறம்? 'சூப்பரா இழுக்கிறடி இன்னைக்கு'ன்னு நான் சொல்லல?"

"சொன்னீங்களா?"

"சொன்னேன். சத்தத்துல இருக்கு. இவ கேட்டா."

"ஆமா அண்ணி," என்றாள் சின்னவள். "நானே கேட்டேன்."

அது மட்டும் பொய் இல்லை.

சாப்பிட்டானதும் கொல்லையில் பலகையைப் போட்டார்கள். முயலுக்குப் பதில் சுருட்டிய துண்டு. அதன் நுனியில் நரம்பைக் கட்டி, பலகைக்கு அடியில் விட்டு, அண்ணி வாளிமேல் உட்கார்ந்தாள். அண்ணன் தூரத்தில் நின்று பார்த்தான். அண்ணி இழுத்தாள். துண்டு சோம்பலாக எழுந்து விழுந்தது.

"இப்படி இழுத்தா கொட்டாவி விடற மாதிரி இருக்கு," என்றான்.

"அண்ணி, மணிக்கட்டுல இழுங்க. தோளு வேண்டாம்," என்றாள் சின்னவள். பக்கத்தில் குந்தி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சட் சட்டுன்னு ரெண்டு. விடுங்க. ஒரு மூச்சு விடற நேரம். இப்போ ஒண்ணு, நீளமா. கடைசியில நடுங்கணும். டக்குனு விடக் கூடாது."

"நடுங்கணுமா?"

"லேசா. விரலை மட்டும் ஆட்டுங்க."

துண்டு உதைத்தது. நின்றது. நீளமாக ஒரு முறை உதைத்து, நுனியில் நடுங்கி அடங்கியது. அண்ணன் கைதட்டினான். "அதேதான்! அச்சு அசல்!"

அண்ணி மறுபடி செய்தாள். இப்போது யாரும் பிடிக்காமலே வந்தது. "உனக்கு எப்படிடி இவ்வளவு சரியாத் தெரியுது?"

"தொகுத்தவ நான்தானே."

அண்ணி நரம்பை விரலில் சுற்றிக்கொண்டே சிரித்தாள். ஆய்வாளர் வந்துபோனதிலிருந்து முகத்தில் இல்லாத தெளிவு வந்திருந்தது.

"சொன்னா சிரிப்ப சின்னு. அந்த ஆளு போனுல பார்த்ததுலேர்ந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. நான் இழுக்கலைன்னா, அப்போ அது தானாத்தானே உதைச்சிருக்கணும்? பாதித் தோலோட? நெனச்சாலே..." தலையை உதறினாள். "நல்லவேளை, நான்தான் இழுத்தேன். மறதியும் ஒரு நேரம் நல்லதுக்குத்தான் போல."

நரம்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவ உள்ளே போனாள். உள்ளேயிருந்து அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது.

அண்ணன் கண்ணிக் கம்பிகளைத் தோளில் போட்டான். "விடியறதுக்குள்ள ஒண்ணு விழுந்துடும். நான் உசுரோட கொண்டுவந்து தர்றேன். அந்தாளு வாசல்ல கோட்டைக் கழற்றுற நேரம் நான் அவனோட பேசிக்கிட்டு இருக்கணும். உங்கண்ணிக்குக் கோழியைக்கூடப் பிடிக்க வராது. நீதான் முடிக்கணும்."

"எனக்குத் தெரியாது அண்ணா."

"காதைச் சேர்த்துப் பிடி. தாடைக்குக் கீழ உள்ளங்கையைக் கொடு. பின்னாடி தள்ளி ஒரே திருகு. பாவம் பார்த்து மெதுவா செஞ்சியோ, கெட்டுது." இரண்டடி நடந்தவன் திரும்பினான். "முடிஞ்சதும் கண்ணைத் தொட்டுப் பாரு. அன்னைக்கு நான் பார்க்கல."

அவன் போனபின் அவள் மேசைக்கு வந்தாள். சிலிண்டர் என்றைக்கு மாற்றியது என்பதைப் பற்றி எந்தப் பக்கத்திலும் அவள் எழுதியிருக்கவில்லை. மதியம் எழுதிய திருத்தத்துக்குக் கீழே இடம் இருந்தது. பேனாவைத் திறந்தாள்.

நாளை: அண்ணன் வந்ததும் முயலை வாங்கிக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஆய்வாளர் தும்மும் சத்தம் கேட்டதும் கழுத்தைத் திருக வேண்டும். கண்ணைத் தொட வேண்டும். இமைக்கவில்லை என்று உறுதியான பிறகு வலது பின்னங்காலின் விரலில் நரம்பைக் கட்டி, மறுமுனையை அண்ணியின் கையில் கொடுக்க வேண்டும்.